ஆலம்கீர் பெயரில் ஒரு சென்னை ரூபாய்

ராயபுரத்திலிருந்து தென்மேற்கே சிறிது தூரம் வந்தால் தங்கசாலை. பேருந்துப் பலகையில் வள்ளலார் நகர் என்று எழுதியிருந்தாலும் நடத்துனர் கூவுவது என்னவோ ‘மின்ட்’ என்றுதான். வெடிமருந்து ஆலையாக இருந்த வளாகத்தை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாணயக் கூடமாக மாற்றியது கிழக்கிந்தியக் கும்பினி. 1869 வரை இயங்கிய அந்தக் கூடம் பிறகு அரசு அச்சகத்துக்குப் போனது. அங்கே அடித்த வெள்ளி ரூபாய்கள் இன்றும் நாணயக் கடைகளிலும் ஏலங்களிலும் சாதாரணமாகக் கிடைக்கின்றன. ஒன்றைக் கையில் எடுத்தால் ஆங்கில எழுத்து ஒன்றுகூட இருக்காது. இரு பக்கமும் பாரசீகம். ஒரு பக்கத்தில் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயர். மறுபக்கத்தில் ஆற்காட்டில் அடிக்கப்பட்டது என்ற வாசகம், அவர் பட்டமேறிய 6-ஆம் ஆண்டு என்ற குறிப்பு. ஹிஜ்ரி ஆண்டு 1172. நம் கணக்கில் 1758-59. இதில் ஊர் உண்மையில்லை, ஆண்டு உண்மையில்லை, அரசரும் உண்மையில்லை. 1807-க்குப் பிறகு சென்னையில் இயந்திரத்தில் அடித்த நாணயம் இது. ஆலம்கீரோ 1759 நவம்பரிலேயே டில்லியில் கொலையுண்டுவிட்டார்.

இந்த நாணயத்தைச் சேகரிப்பாளர்கள் பலர் ஒரு படி கீழே வைத்துத்தான் பார்க்கிறார்கள். சங்ககாலச் செப்புக் காசுக்கும் சோழர் காசுக்கும் இருக்கும் மதிப்பு இதற்கு இல்லை. சங்ககாலக் காசுகளைத் தேடுவதில் நியாயம் உண்டு. ‘பெருவழுதி’ என்று பெயர் பொறித்த காசை இரா. கிருஷ்ணமூர்த்தி அடையாளம் கண்டு சொன்ன பிறகு சங்க காலத்தைப் பற்றிய பேச்சே மாறியது. அசல் முகலாய ரூபாயைத் தேடுபவர்களும் இருக்கிறார்கள். சென்னை ஆற்காட்டு ரூபாயோ முகலாயருடையதும் இல்லை, ஆங்கிலேயருடையது போலவும் இல்லை. பார்த்து அடித்த சாயல் என்று ஒதுங்கிப் போகிறது. இந்த ஒதுக்கல் தவறு என்பது என் வாதம். தன் பெயரில் நாணயம் அடிக்கும் அரசன் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறான் என்பதை மட்டும் நமக்குச் சொல்கிறான். இன்னொருவர் பெயரில் அடிக்கிறவன் சந்தை யாரை நம்புகிறது என்பதைச் சொல்லிவிடுகிறான். அவன் சொல்ல விரும்பாவிட்டாலும் நாணயம் சொல்லிவிடுகிறது.

உலகெங்கும் இப்படி நடந்திருக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு தங்க நாணயம் உண்டு. இங்கிலாந்தின் ஒரு பகுதியை 8-ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஆஃபா என்ற அரசன் அடித்தது. பாக்தாத் கலீஃபா அல்-மன்சூரின் ஹிஜ்ரி 157-ஆம் ஆண்டுத் தீனாரை அப்படியே பார்த்து, அரபு வரிகளுக்கு நடுவே தன் பெயரை லத்தீனில் செருகியிருக்கிறான். பெயர் அரபு வரிகளுக்குத் தலைகீழாக நிற்பதிலிருந்து அச்சு வெட்டியவருக்கு அரபு தெரியாது என்பது விளங்கும். சிலுவைப்போர்க்காரர்கள் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். பாலஸ்தீனக் கரையில் ஆக்கர் (Acre) துறைமுகத்தைப் பிடித்து வைத்திருந்த அவர்கள், எகிப்தின் பாத்திமியக் கலீஃபா அல்-அமீரின் தங்கத் தீனாரையும், டமாஸ்கஸின் அய்யூபிய சுல்தான்கள் வெளியிட்ட வெள்ளித் திர்ஹாமையும் போலவே அடித்துப் புழக்கத்தில் விட்டார்கள். எந்த மதத்தோடு போர் செய்ய வந்தார்களோ அந்த மதத்தின் நம்பிக்கை வாசகத்தைத் தங்கள் பட்டறையிலேயே பொறித்தார்கள். ஏனென்றால் உள்நாட்டு வணிகர்கள் கையில் வாங்கியது அந்த நாணயத்தைத்தான். ஒன்பதாம் லூயி மன்னரோடு வந்த போப்பின் தூதர் ஓடோ இதைக் கண்டு கொதித்துத் தடை விதித்து, போப்புக்கும் எழுதினார். போப் நான்காம் இன்னொசென்ட் அந்தத் தடையை உறுதிசெய்தார். பட்டறைக்காரர்கள் என்ன செய்தார்கள்? அரபு எழுத்தை விடவில்லை. பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற கிறிஸ்தவ வாசகத்தையே அரபியில் எழுதி, நடுவில் சிலுவை வைத்து, 1251 என்ற கிறிஸ்தவ ஆண்டையும் அரபியிலேயே பொறித்தார்கள். அரபு எழுத்து இல்லாத வெள்ளியை டமாஸ்கஸ் வணிகன் தொடமாட்டான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மேற்கே, தென் பிரான்சின் மாகலோன் நகர பிஷப்பே முகமது நபியின் பெயர் பொறித்த சதுர வெள்ளிக் காசை வெளியிட்டுவந்தார். 1266-இல் போப் நான்காம் கிளமென்ட் அவரைக் கண்டித்து எழுத வேண்டியிருந்தது.

சென்னைக்குத் திரும்புவோம். ஆக்கருக்கும் நம் கரைக்கும் ஐந்நூறு ஆண்டு இடைவெளி. ஒன்று மதப் போர், மற்றது துணி வியாபாரம். இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்பது நியாயம். நோக்கம் வேறுதான். ஆனால் இருந்த நிலை ஒன்று. கடலோரத்தில் ஒரு கோட்டை, கையில் வெளியிலிருந்து வந்த வெள்ளி, வாங்க வேண்டிய சரக்கு முழுவதும் உள்நாட்டில், உள்நாட்டுச் சந்தைக்கோ வேறு மொழி, வேறு அரசர். கும்பினிக்குக் கோட்டை கட்ட இடம் கொடுத்த தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரின் 1639-ஆம் ஆண்டுப் பட்டயமே நாணயம் அடிக்கும் உரிமையையும் சேர்த்துத் தந்தது. அவர்கள் முதலில் அடித்தது தங்க வராகன். விஜயநகர வழக்கப்படி பெருமாள் இரு தேவியருடன் நிற்கும் மூன்று சுவாமி வராகன். அரசியல் காற்று மாறியதும் அச்சும் மாறியது. செஞ்சி முற்றுகையின் போது ஔரங்கசீப்பின் மகன் காம் பக்‌ஷிடம் 1692-இல் அனுமதி வாங்கி, ஔரங்கசீப்பின் பெயரில் ரூபாய் அடித்தார்கள். அதில் அடித்த ஊர் ‘சீனாபட்டன்’, அதாவது சென்னப்பட்டணம். ஆக, ஊர் பெயரை மறைக்காமல் தொடங்கியவர்கள்தான் பிறகு அதை மறைத்தார்கள்.

ஏன் மறைத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சென்னப்பட்டண ரூபாயை வெளியூரில் கொடுத்தால் வட்டம், அதாவது கழிவு, பிடித்தார்கள். சூரத் ரூபாய்க்கு நிகரான வெள்ளி இருந்தும் முழு மதிப்பு கிடைக்கவில்லை. 1717-இல் பேரரசர் பாருக்சியர் கும்பினிக்குக் கொடுத்த புகழ்பெற்ற பர்மானில், சென்னை நாணயம் சூரத் நாணயத்துக்குச் சமமான தரத்தில் இருந்தால் தள்ளுபடி கேட்கக் கூடாது என்று ஒரு விதியே இடம்பெற்றது. பேரரசரே எழுதிக் கொடுத்தும் சந்தை முழுவதும் கேட்கவில்லை. ஆற்காட்டு ரூபாய்க்கோ தென்னாட்டிலும் வங்காளத்திலும் நல்ல பெயர். அந்தப் பெயரை முதலில் வாங்கிக்கொண்டது புதுச்சேரி. பிரெஞ்சு ஆளுநர் துமா 1736-இல் நவாப் தோஸ்த் அலி கானிடம் ஆற்காட்டு ரூபாய் அடிக்க உரிமை பெற்றார். ஆங்கிலேயருக்கு அந்த உரிமை 1742-இல் வந்தது. அதன்பின் பிறை குறி போட்ட புதுச்சேரி ஆற்காட்டு ரூபாயும் தாமரை குறி போட்ட சென்னை ஆற்காட்டு ரூபாயும் போட்டி போட்டுக்கொண்டு புழங்கின. ஆற்காட்டில் அடிக்காத ஆற்காட்டு ரூபாய்கள்!

இங்கே முதல் எதிர்வாதம் எழும். நவாபின் உரிமை இருந்ததே, உரிமை பெற்று அடித்ததை எப்படிச் சாயல் நாணயம் என்று சொல்வது? 1742-இல் இருந்த நிலைக்கு இந்தக் கேள்வி பொருந்தும். பிறகு பொருந்தாது. ஆலம்கீர் இறந்தார், அவர் மகன் இரண்டாம் ஷா ஆலம் பேரரசரானார், முறைப்படி நாணயத்தில் பெயரும் ஆண்டும் மாற வேண்டும். சென்னையில் மாறவில்லை. 1801-இல் கர்நாடக நவாபின் ஆட்சி உரிமை முழுவதையும் கும்பினி எடுத்துக்கொண்டது. அதன்பின் யார் கொடுத்த உரிமை? சென்னைக் கும்பினி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாத நிலைக்கு வந்த பிறகுதான் புதிய இயந்திரங்களை வைத்து அதே 1172, அதே 6-ஆம் ஆண்டு என்று லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளியது. அதிகாரம் முழுவதும் கைக்கு வந்த பின்னும் இறந்த அரசரின் பெயரை விடமுடியவில்லை என்பதைவிடப் பெரிய ஒப்புதல் வாக்குமூலம் வேறென்ன வேண்டும்?

ஆண்டை உறையவைத்ததற்கும் காரணம் சந்தைதான். புது ஆண்டு பொறித்த ரூபாய்க்கு முழு மதிப்பு, ஆண்டு பழசானால் வட்டம் என்பது நாணயத்தைச் சோதித்து மாற்றித் தரும் அன்றைய சராப்புகளின் வழக்கம். நாணயம் தேய்ந்திருக்கலாம் என்று தொடங்கிய கழிவு, தேயாத நாணயத்துக்கும் பிடிக்கும் வருமானமாக மாறிவிட்டிருந்தது. ஆண்டே மாறாத நாணயத்தில் பழசு எது, புதுசு எது என்று பிரிக்க முடியாது. வங்காளத்திலும் இதே வழியைக் கையாண்டார்கள்: கல்கத்தாவில் அடித்துவிட்டு முர்ஷிதாபாத் என்று பெயர் போட்டு, ஷா ஆலமின் 19-ஆம் ஆண்டு என்று நிறுத்திவிட்டார்கள். சென்னை நாணயத்தில் நின்றுபோன ஹிஜ்ரி 1172-க்குள் லாலியின் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பிய மாதங்களும் அடங்கும். 1758 டிசம்பரில் தொடங்கி 1759 பிப்ரவரியில் முடிந்த அந்த முற்றுகை நாணயத்தின் ஆண்டு நின்றதற்குக் காரணமல்ல; ஆனாலும் அந்த எண்ணைப் படிக்கும் போது நினைவுக்கு வராமல் போகாது.

சாயல் அடித்தது சோம்பலால், புதிய அச்சு வரையத் தெரியாததால் என்று யாராவது சொன்னால் அதற்கும் பதில் அதே கூடத்திலேயே இருக்கிறது. இந்தச் சான்றைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக நினைக்கிறேன். 1807-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக் கூடம் வெள்ளியில் அரை வராகன், கால் வராகன் என்று புது நாணயங்களை வெளியிட்டது. ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் விஷ்ணு. மதிப்பு ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு நான்கிலும். கலைஞனுக்குக் குறைவில்லை, துணிவுக்கும் குறைவில்லை. அதே கைகள் அதே காலத்தில் ரூபாயைத் தொட்டபோது ஆலம்கீரை ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை. இந்தப் பக்கத்துச் சந்தைக்கு மட்டும் போகும் வராகனில் தன் விருப்பப்படி செய்யலாம். தொலைதூரம் போக வேண்டிய ரூபாயில் செய்ய முடியாது என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதே ஆண்டுகளின் இரட்டை ரூபாய்களைக் கூர்ந்து பார்த்தால் இன்னொன்று தெரியும். ஸ்பானிய அரசரின் வெள்ளி டாலர்களை உருக்காமல் அவற்றின் மேலேயே ஆலம்கீர் அச்சை அடித்தார்கள். சில காசுகளில் பாரசீக எழுத்துக்கு அடியில் லத்தீன் எழுத்தின் மிச்சமும் ஸ்பானிய மன்னரின் முகவளைவும் மங்கலாகத் தெரியும். மெக்சிகோவிலும் பெருவிலும் தோண்டிய வெள்ளி, ஸ்பானிய முத்திரையோடு கப்பலேறி, துறைமுகம் இல்லாத அந்நாளில் மசூலா படகில் அலை தாண்டிக் கரைக்கு வந்து, முகலாயராகி ஊருக்குள் போயிருக்கிறது. இப்படி அடித்தளம் தெரியும் காசைச் சிலர் ‘சரியாக விழாத அச்சு’ என்று விலை குறைத்துக் கேட்கிறார்கள். உலக வணிகத்தின் பாதை ஒரே காசில் பதிந்து கிடப்பது வேறெங்கே கிடைக்கும்?

இரண்டாம் எதிர்வாதம் இன்னும் கனமானது. இது மக்களை ஏமாற்றியதுதானே? வாங்கியவர்கள் அரசர் பெயரைப் பார்த்து நம்பியிருப்பார்களே? வெள்ளியின் அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆக்கரின் தங்கச் சாயலில் உண்மையில் கள்ளம் இருந்தது: பாத்திமியத் தீனார் கிட்டத்தட்டச் சுத்தத் தங்கம்; சிலுவைப்போர்க்காரர்களுடையது ஐந்தில் நான்கு பங்காகவும் பிறகு மூன்றில் இரண்டு பங்காகவும் இறங்கியது. சென்னை ரூபாய் அப்படி இல்லை. 1818-இல் அதன் எடை 180 கிரெயின், அதில் சுத்த வெள்ளி 165 கிரெயின், அதாவது 12-இல் 11 பங்கு என்று அரசு அறிவிப்பே வரையறுத்தது. இன்றைய அளவில் 11.66 கிராம். பெயரில் பொய், எடையில் மெய். அடுத்து, வாங்கியவர்கள் ஏமாந்தவர்கள் அல்ல. பழைய ரூபாய்களில் சின்னச் சின்னக் குத்துகள் தெரியும். ஒரு சராப்பு சோதித்துப் பார்த்துத் தன் குறியை அடித்துவிட்ட தடம் அது. பாரசீகம் படிக்கத் தெரியாத ஊரில் தாமரையா பிறையா என்று பார்த்து, தட்டி ஒலி கேட்டு, தராசில் வைத்துத்தான் வெள்ளி கைமாறியது. சராப்பு மதித்தது ஆலம்கீரை அல்ல. எந்தக் கூடத்தின் வெள்ளி எத்தனை தரம் என்று நெடுநாள் பழக்கத்தில் அறிந்ததை. அவருக்கு அரசர் பெயர் வெறும் அடையாளச் சின்னம்.

ஆனால் வெள்ளி நாணயமாக இருந்ததால் கும்பினியும் நாணயமாக நடந்தது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நவாபிடமிருந்து 1708-இல் கும்பினி பெற்ற ஐந்து கிராமங்களில் திருவொற்றியூர், எண்ணூரை ஒட்டிய கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகியவை இன்றைய தொழிற்பேட்டைப் பகுதிதான். ஆளுநர் காலட் நெசவாளர்களைக் குடியேற்றிய காலடிப்பேட்டையும் திருவொற்றியூரில்தான் இருக்கிறது. அந்தத் தறிகளின் துணிக்கு வெள்ளி கொடுத்தவர்கள், பின்னர் நிலவரியாக அதே வெள்ளியைத் திரும்பக் கேட்டார்கள். பேரரசரின் ஊழியர் போல வேடம் தரித்துக்கொண்டே பேரரசைத் தின்றார்கள். சாயல் நாணயம் இந்த வேடத்துக்கும் சாட்சி. அதை நல்ல நாணயம் என்று சொல்வது அதை அடித்தவர்களை நல்லவர்கள் என்று சொல்வதாகாது.

வேடம் கலைந்தது 1835-இல். அந்த ஆண்டின் 17-ஆம் சட்டம் கும்பினியின் ஆட்சிப் பரப்பு முழுவதற்கும் ஒரே ரூபாயை வகுத்தது. நான்காம் வில்லியம் மன்னரின் தலை முதன்முதலாக இந்திய ரூபாயில் ஏறியது. சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டியது அதன் எடை: 180 கிரெயின், 12-இல் 11 பங்கு வெள்ளி. ஆற்காட்டுப் பெயரில் சென்னை அடித்த ரூபாயின் அளவு அப்படியே நாட்டின் அளவாயிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளியைப் பாதியாகக் குறைக்கும் வரை அந்த அளவு மாறவில்லை. 1835-க்குச் சற்று முன்பு கல்கத்தா கூடமும் ஆற்காட்டு ரூபாய் அடித்தது, தாமரைக்குப் பதில் ரோஜா குறியோடு. சாயலுக்கே சாயல் வேண்டுமளவு சென்னை நாணயம் பெயர் வாங்கியிருந்தது. 1856 ஜூலை 1 அன்று தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டபோது போய்ச் சேர்ந்த இடம் ஆற்காட்டை ஒட்டிய வாலாஜா சாலை. அதற்குள் ஆற்காட்டின் பெயர் நாணயத்திலிருந்து போய் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

சேகரிப்பவர்களுக்கு ஒரு நடைமுறைச் சந்தேகம் இருக்கும்: சாயலையெல்லாம் மதிக்கச் சொன்னால், இன்று வார்ப்பில் செய்து விற்கும் போலிகளுக்கும் கதவு திறந்துவிடாதா? திறக்காது, அன்றைய சாயல் செலவழிக்க அடித்தது, இன்றைய போலி சேகரிப்பவரை ஏமாற்றச் செய்தது. பிரித்தறிய வழிகளும் உண்டு. அச்சில் அடித்த காசின் எழுத்து விளிம்பு கூர்மையாக இருக்கும்; வார்ப்பில் எழுத்து மழுங்கி, ஊசிமுனைத் துளைகள் தெரியும், விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு ஓடும். இயந்திரக் காலத்து ரூபாயின் விளிம்பில் சாய்ந்த வரிகளோ கயிறு முறுக்கு போன்ற வரிகளோ இருக்க வேண்டும். எது என்பதே அது எந்த வரிசையைச் சேர்ந்தது என்றும் சொல்லிவிடும். துல்லியமான தராசு இருந்தால் இன்னும் எளிது. 11.66 கிராம் காசை நூலில் கட்டித் தண்ணீரில் அமிழ்த்தினால் ஏறத்தாழ 1.13 கிராம் குறைய வேண்டும். ஈயமோ வெள்ளைப் பித்தளையோ கலந்திருந்தால் கணக்கு இடறும். சட்டத்தையும் மறக்கக் கூடாது: நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. பூமியில் புதையலாகக் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குச் சொல்லியாக வேண்டும்.

எழும்பூர் அருங்காட்சியகத்தின் கும்பினி நாணயங்களை எட்கர் தர்ஸ்டன் 1890-இலேயே பட்டியலிட்டு நூலாக வெளியிட்டார். அரசுச் சேமிப்பில் இருப்பதற்கு அப்படி ஒரு தொடக்கம் உண்டு. வீட்டுப் பெட்டிகளில் இருப்பதற்கு அது இல்லை. வெள்ளி விலை ஏறும் போதெல்லாம் ஆற்காட்டு ரூபாய்கள் நகைக்கடைத் தராசுக்குப் போகின்றன. அரிய நாணயம் இல்லை என்பதால் யாரும் தடுப்பதில்லை, எடைக்கு எடை பணம் வாங்கி உருக்கிவிடுகிறார்கள். என் கவலை இங்கேதான். தனிக் காசு சாதாரணமானது. கூட்டமாக வைத்துப் பார்த்தால்தான் அது பேசும். ஒரு குடும்பத்தின் பழைய சேமிப்பில் தாமரை எத்தனை, பிறை எத்தனை, ரோஜா எத்தனை, விரிந்த தாமரையா குவிந்த தாமரையா, ஒவ்வொன்றின் எடை என்ன, எத்தனை சராப்புக் குத்துகள் என்று ஒரு நோட்டில் குறித்து, இரு பக்கமும் விளிம்பும் படமெடுத்து வைத்தால் போதும். அப்படிப் பத்து ஊர்க் குறிப்புகள் சேர்ந்தால் புதுச்சேரி வெள்ளி வடக்கே எதுவரை வந்தது, சென்னை வெள்ளி தெற்கே எங்கே நின்றது, எந்தக் கூடத்தை எந்த ஊர்ச் சராப்பு அதிகம் சோதித்தார் என்று வரைபடமே போடலாம். உருக்கிய பிறகு அந்தக் கணக்கை எந்த ஆவணக் காப்பகத்திலிருந்தும் மீட்க முடியாது.